என் தலைக்கு ஓர் இரும்பு

"ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?" என்று கேட்டார் மருத்துவர்.

"போட்டிருந்தேன். அதுதான் வெட்டிடுச்சு."

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வலது கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பின் மேல் நான்கு தையல். ஒரு விரற்கடை மேலே போயிருந்தால் இந்தக் கட்டுரையை ஒற்றைக் கண்ணோடு எழுதிக்கொண்டிருப்பேன். என்ன விளையாட்டு என்று கேட்டார். வைக்கிங் சண்டை என்றேன். டென்மார்க்கில் இது யாரையும் தூக்கிவாரிப் போடும் பதில் இல்லை. தலையை ஆட்டிவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கவசத்தை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். பளபளவென்று அழகாக இருந்தது. கண்ணைச் சுற்றி வரும் வளையத்தின் கீழ் விளிம்பில் மட்டும் என் ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது.

இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடம் எனக்கு நண்பர் என்று ஒருவரும் கிடையாது. அலுவலகத்தில் எல்லோரும் நல்லவர்கள்; நாலு மணி அடித்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மறைந்துவிடுவார்கள். இங்கே மனிதர்கள் சங்கங்கள் வழியாகத்தான் ஒருவரோடொருவர் பழகுகிறார்கள் என்பது தாமதமாகத்தான் புரிந்தது. பாட்டுச் சங்கம், படகுச் சங்கம், கைப்பந்துச் சங்கம். பக்கத்து மேசைக்காரர் வைக்கிங் சங்கத்தில் இருந்தார். "வியாழக்கிழமை சாயங்காலம் வந்து பாரேன்" என்றார். போனேன். கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள், ஒருவர் முனை மழுக்கிய வாளால் அதன்மேல் ஓங்கி அடித்தார், தோள்பட்டை வரை அதிர்ந்தது. நான் சிரித்துவிட்டேன். யாரோ ஒருவர் என்னை இடித்து, நானும் திருப்பி இடித்து, இருவரும் சிரித்து எத்தனை வருடம் ஆகியிருந்தது!

அன்றிரவே இணையத்தில் தலைக்கவசம் தேட ஆரம்பித்தேன்.

தேர்ந்தெடுத்த விதத்தை வெட்கத்தோடு சொல்கிறேன். படம் பார்த்து வாங்கினேன். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போன்ற இரும்பு வளையம், பின்கழுத்தில் தொங்கும் வளைய வலை, விளிம்பில் பித்தளை வேலைப்பாடு. சினிமாவில் வரும் வைக்கிங் மாதிரியே இருந்தது. தகடு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்கவில்லை. என் தலை எத்தனை சென்டிமீட்டர் என்று அளக்கவில்லை. அளவு 'எல்' என்று போட்டு ஆர்டர் செய்தேன், டி-ஷர்ட் வாங்குவது போல.

இதை ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறேன். 2015 ஜூலையில் தமிழ்நாட்டில் இருசக்கர வண்டிக்கு ஹெல்மெட் கட்டாயம் என்று நீதிமன்றம் சொன்னபோது சாலையோரங்களில் ஹெல்மெட்டுகள் மலைபோல் குவிந்தன. ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கர் தனியாக ஒட்டிய ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு சுற்றினேன். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். அது போலீஸுக்காகப் போட்ட ஹெல்மெட். இது கேமராவுக்காக. இரண்டு முறையும் தலை என்ற ஒன்று கணக்கிலேயே வரவில்லை.

அடுத்த வியாழன் கன்னத்தில் பிளாஸ்திரியோடு போனேன். எங்கள் குழுவில் எல்லோருடைய கவசங்களையும் சோதித்துப் பார்ப்பவர் ஒரு பெரியவர். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கவசத்தை வாங்கி உச்சியில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார். பிஸ்கட் டின் மூடி மாதிரி 'டப்' என்று உள்ளே போய், விட்டதும் வெளியே வந்தது. பின்வலையை இலேசாக இழுத்தார். ரிவெட் அடிக்காமல் முனைகளைச் சும்மா சேர்த்து வைத்த வளையங்கள். ஏழெட்டு வளையம் கடுகு சிதறுவது போல் தரையில் சிதறியது. கடைசியாக அதை என் தலையில் வைத்து, "தலையை ஆட்டு" என்றார். நான் ஆட்டினேன். என் தலை வலப்பக்கம் போனது, கவசம் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது.

"உன்னை அடிச்சவன் மேல தப்பில்ல. இது உன் தலை மேல சுத்துது. அடி பட்டதும் சுத்தி, வளையம் கன்னத்துல இறங்கிடுச்சு." பிறகு கேட்டார்: "இது யாரோட கவசம்னு தெரியுமா?"

இது என்ன கேள்வி என்று முழித்தேன். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் கொம்பை இறக்கி வைத்துவிடலாம். கோபன்ஹேகனில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் கொம்பு வைத்த பிளாஸ்டிக் தொப்பிக்கும் வைக்கிங்குகளுக்கும் சம்பந்தமே இல்லை. 1876-இல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் வாக்னரின் 'நீபெலுங்கின் மோதிரம்' முழுத் தொடராக அரங்கேறியபோது, உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்லர் பாத்திரங்களின் தலையில் கொம்பை ஏற்றினார். அந்த உருவம் மனதில் ஒட்டிக்கொண்டது. டென்மார்க்கில் நிஜமாகவே கொம்பு வைத்த கவசங்கள் கிடைத்திருக்கின்றன. 1942-இல் வெக்ஸோ சதுப்பில் கிடைத்த இரண்டு வெண்கலக் கவசங்கள். ஆனால் அவை கி.மு. 900 வாக்கில் செய்யப்பட்டவை. வைக்கிங்குகளுக்கு அவை ஆயிரத்து எழுநூறு ஆண்டு பழசு. ஏறக்குறைய நமக்குச் சங்ககாலம் இருப்பது போன்ற தூரம்.

அப்படியானால் வைக்கிங்குகள் எதைத்தான் அணிந்தார்கள்? 1943-இல் நார்வேயின் ரிங்கெரிக்கே பகுதியில் யெர்முண்ட்பூ என்ற பண்ணையில் ஒரு புதைமேட்டைத் தோண்டியபோது சில இரும்புத் துண்டுகள் கிடைத்தன. பத்தாம் நூற்றாண்டில் எரியூட்டப்பட்ட ஒருவரின் உடைமைகள். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் உருண்டையான கிண்ணம், நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை, நான்கு தகடுகளை இணைக்கும் பட்டைகள், உச்சியில் சிறு முனை, முன்னால் அந்த மூக்குக்கண்ணாடி வளையம். இன்று ஓஸ்லோவின் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்காண்டிநேவியா முழுவதிலும் வைக்கிங் காலத்திலிருந்து உருவம் சொல்லும் அளவுக்குக் கிடைத்த தலைக்கவசம் அது ஒன்றுதான். டென்மார்க்கின் த்யேலேயில் 1850-இல் ஒரு கொல்லரின் கருவிகளோடு கிடைத்தது புருவமும் மூக்கும் உள்ள துண்டு மட்டும். இங்கிலாந்தின் யார்ம் ஊரில் 1950-களில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்கள் எடுத்த கவசத்தைப் பத்தாம் நூற்றாண்டினது என்று டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது 2020-இல்தான்.

பெரியவரின் கேள்விக்கு விடை இதுதான். எங்கள் மைதானத்தில் முப்பது பேர் கண்வளையக் கவசம் போட்டு நின்றால், முப்பது பேரும் ஒரே ஒரு இறந்த மனிதனின் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறோம். பெயர் தெரியாத ஒரு நார்வேக்காரன். இரும்பு விலை உயர்ந்த காலத்தில் இரும்புக் கவசமும் வளைய உடையும் வைத்திருந்தவன் என்றால் வசதி படைத்தவன். சாதாரண வைக்கிங் அவன் பக்கத்தில் நிற்கக்கூட முடிந்திருக்காது. இது தெரிந்தபோது எனக்கு என்னமோ இலேசாக இருந்தது. இங்கே யாருமே தன் தாத்தாவின் கவசத்தைப் போட்டிருக்கவில்லை. எல்லோரும் இரவல் வாங்கியவர்கள்தான்.

ஆனால் அவ்வளவு எளிதாகவும் இதை முடித்துவிட முடியாது. அந்தப் புதைமேடு தோண்டப்பட்ட 1943-இல் நார்வே நாஜிகளின் பிடியில் இருந்தது. அவர்களுக்கு வைக்கிங் மேல் பெரிய மோகம். எஸ்.எஸ். படையின் ஒரு பிரிவுக்கே 'வைக்கிங்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆள்சேர்ப்புச் சுவரொட்டிகளில் வைக்கிங் வீரன் நின்றான். அந்தக் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. சில ரூன் எழுத்துக்களைக் கழுத்தில் பச்சை குத்திக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு இறுகும். எங்கள் குழுவில் சேர்ந்த முதல் நாளே தலைவி என்னை உட்காரவைத்து எந்தெந்தச் சின்னங்களுக்கு இங்கே அனுமதி இல்லை என்று ஒரு பட்டியல் சொன்னார். பள்ளி ஆசிரியை அவர். எனக்காகச் சொல்கிறாரோ என்று கூச்சமாக இருந்தது. எல்லோருக்கும் சொல்வாராம்.

முதல் கவசத்தை நான் ஏன் அவ்வளவு விரும்பினேன் என்பது அன்று ராத்திரி பிடிபட்டது. அதைப் போட்டால் என் முகம் தெரியாது. இரண்டு வட்டத்துக்குள் இரண்டு கண், அவ்வளவுதான். "எந்த ஊர்?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் தேடியது தலையைக் காக்கும் பொருளை இல்லை, முகத்தை மறைக்கும் பொருளை. அதனால்தான் அளவு பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டாவது கவசத்தைப் போலந்திலிருக்கும் ஒரு கொல்லரிடம் செய்யச் சொன்னேன். அவர் அனுப்பிய படிவத்தில் கவசத்தைப் பற்றி நான்கு கேள்வி, என் தலையைப் பற்றிப் பத்துக் கேள்வி. பஞ்சு வைத்துத் தைத்த குல்லாவைப் போட்டுக்கொண்டு அதன்மேல் நாடா வைத்துச் சுற்றளவு எடுக்க வேண்டும். வெறும் தலை 57 சென்டிமீட்டர், குல்லாவோடு 62. நெற்றியிலிருந்து பிடரி வரை எவ்வளவு, ஒரு காதுக்கு மேலிருந்து மறு காதுக்கு மேல் எவ்வளவு. ஒரே சுற்றளவுள்ள இரண்டு தலைகளில் ஒன்று உருண்டையாக இருக்கும், ஒன்று நீளமாக இருக்கும். நீளத் தலையில் உருண்டைக் கவசம் வைத்தால் நெற்றியில் அழுத்தும், காதோரம் ஆடும். என்னுடையது நீளம்.

அப்புறம் அவர் கேட்டது: "கண்ணாடி போடுவீங்களா?"

பத்து வயதிலிருந்து போடுகிறேன். மூக்குக்கண்ணாடி மாதிரி இருக்கும் கவசத்துக்குள் மூக்குக்கண்ணாடி போட முடியாது என்பதுதான் இதில் இருக்கும் வேடிக்கை. ஃபிரேம் இரும்பில் இடிக்கும்; அடி விழுந்தால் கண்ணுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சில்லு. இவ்வளவு நாளும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அரைகுறையாகத் தெரியும் உருவங்களோடுதான் சண்டை போட்டிருக்கிறேன். வலப்பக்கத்திலிருந்து வந்த அந்த அடியை நான் பார்க்கவே இல்லை. கான்டாக்ட் லென்ஸ் போடப் பழகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மூக்குத்தடுப்பு மட்டும் உள்ள கவசம் செய்கிறேன் என்று எழுதினார். லென்ஸ் பழகினேன். முதல் வாரம் காலையில் கண்ணாடி முன்னால் அழுதுகொண்டே நின்றேன்.

தகடு எவ்வளவு தடிமன் என்று இப்போது என்னிடம் யாராவது கேட்டால், சண்டைக்கு என்றால் கிண்ணம் 2 மில்லிமீட்டர் என்பேன். நம் ஊர் பட்டறைக் கணக்கில் 14 கேஜ். 1.6 மில்லிமீட்டர், அதாவது 16 கேஜ், இலேசான சண்டைக்குத் தாங்கும். அதற்குக் கீழே போனால் முகாமில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம், அடி வாங்கக்கூடாது. துருப்பிடிக்காத எஃகில் செய்தால் பராமரிப்பு மிச்சம். ஆனால் அதன் நீலப் பளபளப்பு தூரத்திலிருந்தே சமையலறைப் பாத்திரம் என்று காட்டிக்கொடுக்கும். நான் சாதாரண இரும்புத் தகடே கேட்டேன். பின்வலையின் ஒவ்வொரு வளையமும் ரிவெட் அடித்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது வெளியே தெரியாது. உள்ளே தோல் வார்கள் தலையைத் தாங்கி, இரும்புக்கும் மண்டைக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும். அடி விழுந்து தகடு ஒடுங்கினாலும் அந்த ஒடுக்கு தலையைத் தொடக்கூடாது. தாடைப்பட்டையைக் கட்டிக்கொண்டு குனிந்து கால்விரலைப் பார்க்க வேண்டும், தலையை வேகமாக ஆட்ட வேண்டும். கவசம் தலையோடு வந்தால் அது உங்களுடையது.

நான்கு மாதம் கழித்து வந்தது. முதலாவதைப் போல மூன்று மடங்கு விலை. பித்தளைப் பூவேலை எதுவும் இல்லை. சுத்தியல் தடங்கள் அப்படியே தெரிந்தன. வீடியோ காலில் போட்டுக் காட்டினேன்.

"என்னடா, அண்டாவைக் கவுத்தி வச்சிருக்க?" என்றாள் அம்மா. பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "பச்சை இரும்பா? தொடச்சு எண்ணெ தடவி வையி. இல்லேன்னா ஒரே நாள்ல பூத்துரும்."

எவ்வளவு சரி! இரும்பு தோசைக்கல்லை முப்பது வருடம் வைத்துப் பேணியவளுக்கு யாரும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் சொன்னபடி தேங்காயெண்ணெய் தடவி நிலவறை அலமாரியில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் கவசம் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பூஞ்சை என்று பதறிப்போய்த் தொட்டால், உறைந்துபோன எண்ணெய். இருபத்திநான்கு டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் கட்டியாகிவிடும் என்பதை டென்மார்க்கில் நான் மறந்திருக்கக்கூடாது. கொஞ்ச நாளில் சிக்கு வாடையும் வந்தது. சமையல் எண்ணெய்கள் காற்றுப்பட்டுப் பிசுக்காகிவிடும். தோசைக்கல் தினமும் சூடேறுவதால் அது தெரிவதில்லை.

இப்போது என் முறை இது. சண்டை முடிந்து கவசத்தைக் கழற்றியதும் தண்ணீர் குடிக்கும் முன்னால் உலர்ந்த துணியால் துடைப்பேன். வியர்வையில் இருக்கும் உப்புதான் முதல் எதிரி. பிறகு தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, துணியில் தொட்டுத் தடவுவேன். அது கெடாது, பிசுக்காகாது. குளிர்காலத்துக்கு எடுத்துவைக்கும்போது எண்ணெய்க்குப் பதில் மெழுகு. துரு தெரிந்தால் பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். அதற்கும் மசியாத இடத்தில் புளியைக் கரைத்து வைத்துப் பார்த்தேன். போகிறது, ஆனால் புளிப்பை நன்றாகக் கழுவி, உடனே உலர்த்தி, உடனே எண்ணெய் தடவாவிட்டால் அரைமணி நேரத்தில் முன்னைவிட மோசமாகப் பூக்கும். பின்வலைக்கு உலர்ந்த மணல். வலையைக் கழற்றி மணலோடு ஒரு மூடிய வாளியில் போட்டு உருட்டினால் வளையம் ஒன்றோடொன்று உரசித் தானே சுத்தமாகும். உள்பட்டைத் தோலை ஒவ்வொரு முறையும் காற்றாட விட வேண்டும். ஈரத்தோல் தொடும் இரும்பில்தான் யாருக்கும் தெரியாமல் துரு பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது கவசத்தைக் குளிப்பாட்டி வைப்பதற்குச் சமம். என்னுடையது தலையணை உறைக்குள், புத்தக அலமாரியில் இருக்கிறது.

துருவை விட ஆபத்தான விஷயங்கள் கண்ணுக்குத் தெரியாது. பானையைத் தட்டி வாங்குவது போல ஒவ்வொரு ரிவெட்டையும் தட்டிக் கேட்பேன். தளர்ந்தது மட்டும் மந்தமாகச் சத்தமிடும். கண்வளையத்தின் விளிம்பில் விரலை ஓட்டுவேன். வாள் பட்ட இடத்தில் பிசிறு எழுந்திருக்கும். அரம் போட்டு மழுக்காவிட்டால் அதுவே கத்தி. அந்த வளையத்தைத் தடவும்போதெல்லாம் என் இன்னொரு கை தானாகக் கன்னத் தழும்புக்குப் போய்விடுகிறது.

ஆர்ஹுஸ் நகருக்குத் தெற்கே, மோஸ்கோர் அருங்காட்சியகத்துக்குக் கீழே காட்டைத் தாண்டினால் கடற்கரை. 1977-இலிருந்து கோடைதோறும் அங்கே வைக்கிங் கூடுகை நடக்கிறது. கூடாரங்கள், சந்தை, குதிரைகள், நூற்றுக்கணக்கானோர் மோதும் சண்டை. போன ஜூலையில் முதன்முறையாக அந்த வரிசையில் நின்றேன். ஒன்பது அடி தலையில் வாங்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

சண்டை முடிந்து கயிற்றுக்கு இந்தப்பக்கம் வந்து கவசத்தைக் கழற்றினேன். ஒரு ஆறு வயதுப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். அப்பாவுக்கு முகம் சிவந்தது, அவளை இழுக்கப் பார்த்தார்.

"நீ நிஜ வைக்கிங்கா?"

"இல்ல. நான் கம்ப்யூட்டர் வேலை பாக்கறேன்."

அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "அப்பாவும் கம்ப்யூட்டர் வேலைதான்" என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாக. நானும் அவரும் சிரித்துவிட்டோம். கவசத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்றாள். கொடுத்தேன். இரண்டரைக் கிலோ, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "நாறுது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அன்றிரவு களைப்பில் துடைக்காமல் கூடாரத்தில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். கடற்காற்று. காலையில் எடுத்தால் நெற்றிப்பட்டையில் ஆரஞ்சு நிறத்தில் வரிவரியாக ஏதோ. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கைரேகை. கவசத்தைக் கழற்றும்போது பிடித்த இடத்தில் என் கட்டைவிரல் வியர்வை அப்படியே துருவாகப் பதிந்திருந்தது. வசிப்பிட அட்டைக்காகக் கண்ணாடித் தகட்டில் அழுத்திக் கொடுத்த அதே விரல்.

பக்கத்துக் கூடாரத்திலிருந்து பெரியவர் காபியோடு வந்து பார்த்தார். "தேய்ச்சா போயிடும்" என்றார்.

நைலான் நாரில் எண்ணெயைத் தொட்டேன். அவர் காபி குடித்து முடிக்கும் வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் தேய்த்தேன்.